அலாரம் அடித்தால் எழுந்து போவது யார்?

“கேமராவுக்குத்தான் காசு கொடுத்தாச்சே தம்பி, அப்புறம் லைசென்ஸுன்னு எதுக்குங்க தனியா?”

திருப்பூரில் கேமரா தொழில் செய்யும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பனியன் கம்பெனி முதலாளி ஒரு நிட்டிங் மெஷின் வாங்கினால் அது அவர் சொத்து. ஓடுகிற வரை ஓட்டலாம், விற்கலாம், ஓரமாகப் போட்டுவைத்து ஆர்டர் வரும்போது மறுபடி ஓட்டலாம். மெஷின் செய்தவனுக்கு வருடா வருடம் யாரும் படியளப்பதில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கேமராவும் அப்படித்தான் இருந்தது. பதினாறு சேனல் டிவிஆர், கோஆக்சியல் கேபிள், பவர் சப்ளை பெட்டி, ஒரு பழைய டிவி. பில் போட்டுப் பணம் வாங்கிவிட்டால், ஹார்ட் டிஸ்க் போகும் வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இப்போது ஏணியில் நிற்கிற நேரத்தைவிட எக்செல் முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம் அதிகமாகிவிட்டது.

முதலாளிகளிடம் நான் லைசென்ஸை மூன்றாகப் பிரித்துச் சொல்வேன். முதல் வகை, கேமராவுக்கு உள்ளேயே இருப்பது. ஆளையும் வண்டியையும் பிரித்தறியும் சிப் கேமராவிலேயே வந்துவிடுகிறது. அதன் விலை கேமரா விலையில் அடக்கம். இரண்டாவது, சர்வரில் ஏற்றும் மென்பொருளுக்கானது. எத்தனை கேமராவோ அத்தனை லைசென்ஸ். ஒருமுறை வாங்கினால் போதும் என்பார்கள். ஆனால் புதிய பதிப்பு வேண்டுமென்றால் பராமரிப்புச் சந்தாவைத் தொடர்ந்து கட்டியிருக்க வேண்டும். மூன்றாவது, கிளவுட் சந்தா. ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கட்டுவது. கெடு முடிந்தால் சில நிறுவனங்களின் கேமராவில் படமே பார்க்க முடியாது. வேறு சிலவற்றில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும், தேடலும் அலர்ட்டும் மட்டும் நின்றுவிடும். அதனால் வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பணம் கட்டாவிட்டால் எது நிற்கும்?’ என்பதுதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எண்ணிக்கையிலும் சூட்சுமம் உண்டு. நான்கு லென்ஸ் உள்ள ஒரே கேமராவை ஒரு மென்பொருள் ஒன்றாக எண்ணும், இன்னொன்று நான்காக எண்ணும். நம்பர் பிளேட் படிப்பதற்கு வாகனப் பாதைக் கணக்கில் வாங்குவார்கள். முகம் அடையாளம் காண்பதற்கு எத்தனை முகம் பதிவாகியிருக்கிறது என்பதும் விலையில் சேரும். பதினாறு சேனல் என்விஆர் பெட்டியின் மேல் ‘ஏஐ’ என்று பெரிதாகப் போட்டிருக்கும்; டேட்டாஷீட்டைப் புரட்டினால் முகம் பார்க்கும் வேலை ஒன்றிரண்டு சேனலுக்கு மட்டும் என்று கீழே ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்கத்தான் முதலாளி எனக்குக் கூலி கொடுக்கிறார்.

இந்தத் தொழிலில் பணமும் மானமும் போவது பெரும்பாலும் லைசென்ஸ் கணக்கு எழுதாததால்தான். ஒரு கம்பெனியில் ஐம்பதுக்கு மேல் கேமரா. மொத்த லைசென்ஸும் அங்கே முன்பு வேலை பார்த்த ஐடி பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. பையன் பெங்களூரு போய்விட்டான், போன் நம்பரும் மாறிவிட்டது. ரினியூவல் நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. காசு கொடுத்தது கம்பெனிதான் என்று நிரூபிக்க, பழைய பில்லையும் ஜிஎஸ்டி எண்ணையும் லெட்டர்ஹெட்டையும் வைத்துக்கொண்டு உற்பத்தியாளரின் உதவி மையத்தோடு வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எந்தப் புது வேலைக்கும், கேபிள் இழுக்கும் முன்பே, கம்பெனி பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் தொடங்கச் சொல்கிறேன். அதன் கடவுச்சொல் முதலாளியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் இருக்கும்.

என் கோப்பில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரி. இடத்தின் பெயர், மாடல், சீரியல் எண், மேக் முகவரி, ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த சர்வர், எந்த லைசென்ஸ் கீ, எந்தக் கணக்கு, எந்தத் தேதியில் முடிகிறது, யார் பணம் கட்டுவது. மேக் முகவரி எதற்கென்று புதுப் பையன்கள் கேட்பார்கள். பல மென்பொருள்கள் லைசென்ஸை அந்த எண்ணோடுதான் முடிச்சுப் போடுகின்றன. இடியில் ஒரு கேமரா போனால் புதிதை மாட்டிவிட்டுச் சும்மா வந்துவிட முடியாது. பழையதை நீக்கி, புதியதை அதன் இடத்தில் சேர்த்து, மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். சில மென்பொருள்கள் இதற்கு 30 நாள் அவகாசம் தரும். அதுவரை எல்லாம் சரியாக ஓடும். அதனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இன்னும் சில மென்பொருள்கள் சர்வரின் மதர்போர்டைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். மதர்போர்டை மாற்றினால் கீ செல்லாது. மாற்றும் முன்பே பழைய சர்வரிலிருந்து லைசென்ஸை விடுவித்துக்கொண்டால் அரை மணி நேர வேலை. மதர்போர்டு எரிந்த பிறகு என்றால் உதவி மையத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

2025 ஏப்ரல் 9-க்குப் பிறகு இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி சேர்ந்தது. மத்திய மின்னணு அமைச்சகம் வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேறிச் சான்று பெறாத சிசிடிவி கேமராவை இந்தியாவில் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது என்ற விதி அன்று நடைமுறைக்கு வந்தது. விதி தேவையானதுதான். 2016-இல் மிராய் என்ற கெடுநிரல், தயாரித்தவர்கள் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டி இணையத்தின் ஒரு பகுதியையே முடக்கிக் காட்டியது. ஆனால் சைட்டில் அந்த விதியின் விளைவு வேறு மாதிரி தெரிந்தது. பழைய கேமரா ஒன்று செத்தால் அதே மாடல் கிடைப்பதில்லை. சான்று பெற்ற புது மாடலை மாட்டினால் பழைய பதிப்பு மென்பொருளுக்கு அதைத் தெரியாது. மென்பொருளைப் புதுப்பிக்கலாம் என்றால் பராமரிப்புச் சந்தா இரண்டு வருடமாகக் கட்டவில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கேமராவுக்காக விட்டுப்போன சந்தா முழுவதையும் கட்ட வேண்டிய நிலை. இந்தக் கணக்கை முதலாளியிடம் விளக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

கெடு தேதியை எங்கே வைப்பது என்பதையும் ஊர் அறிந்துதான் முடிவு செய்ய வேண்டும். திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய மாதம் போனஸ் மாதம். எந்த முதலாளியிடமும் அப்போது வேறு எதற்கும் பணம் கேட்க முடியாது. தீபாவளி முடிந்தால் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். கேமரா மிக அதிகமாகத் தேவைப்படும் நாட்கள் அவை. சிதறிக் கிடக்கும் ரினியூவல்களை எல்லாம் விகிதக் கணக்குப் போட்டு ஜூன் மாதத்தில் ஒரே தேதிக்கு இழுத்துவிடுவேன். பெரும்பாலான நிறுவனங்கள் கேட்டால் இதைச் செய்து தருகின்றன. கேட்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

இனி ஏஐ. இந்தப் பெயர் சொல்லி விற்கப்படும் வசதிகளில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. பழைய மோஷன் டிடெக்‌ஷனோடு மல்லுக்கட்டியவன் நான். இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்கு ஈசல் வந்தால் அலாரம். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால் விடிய விடிய அலாரம். மழை பெய்தால் எல்லாக் கேமராவும் ஒன்றாகக் கத்தும். ஆளையும் வண்டியையும் மட்டும் பிரித்தறியும் வசதி வந்த பிறகு இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது. எல்லாம் தீரவில்லை. துணி ரோலைத் தோளில் சாய்த்துத் தூக்கிப்போகும் ஆளைப் பல சமயம் ஆளென்றே அது ஒத்துக்கொள்ளாது. கொடியில் காயும் லுங்கி காற்றில் ஆடினால் ஆள் என்று அடம்பிடிக்கும்.

டெமோவில் பளிச்சென்று வேலை செய்தது சைட்டில் சொதப்புவதற்கு முக்கியக் காரணம் தூரமும் உயரமும். இதற்குச் சர்வதேசத் தரக்கணக்கு இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற தரநூலின் 2014 பதிப்பின்படி, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி இனங்காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்தவரை இன்னாரென்று சொல்ல 125. அங்கே ஆள் இருக்கிறார் என்று மட்டும் அறிய 25 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். 250-ஆல் வகுத்துப் பாருங்கள்: முகம் தெளிவாக வேண்டுமென்றால் அந்தக் கேமரா பார்க்கும் அகலம் 10 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதே கேமராவைக் காம்பவுண்ட் சுவருக்கு வைத்தால் 100 மீட்டர் அகலம் வரை ஆள் நடமாட்டத்தை அது கண்டுகொள்ளும். பதினைந்து அடி உயரத்தில் மாட்டிய கேமராவில் முகம் அடையாளம் காணும் லைசென்ஸ் போடுவது உச்சந்தலைக்குக் கட்டும் சந்தா. எந்த வசதி எந்தக் கேமராவுக்கு என்று பார்க்க நான் டேப்பும் கால்குலேட்டரும் எடுத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

வேறு வேறு பிராண்டுகளைக் கலப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொதுநெறி இருப்பதால் ஒரு பிராண்டு கேமராவின் படம் இன்னொரு பிராண்டு ரெக்கார்டரில் வந்துவிடும். கேமரா கண்டுபிடித்த செய்தி, அதாவது இவர் ஆள், இது லாரி, இன்ன கோட்டைத் தாண்டியது என்ற தகவல், அப்படியே வந்து சேரும் என்று நம்பக் கூடாது. அதற்கென்று புரொஃபைல் எம் என்ற பிரிவு 2021-இல்தான் வந்தது. இரண்டு பக்கமும் அதைப் பின்பற்றினால்தான் பயன். இல்லாவிட்டால் கேமராவுக்குள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஏஐ தூங்கிக்கொண்டிருக்கும். அதே வேலைக்கு சர்வரில் இன்னொரு லைசென்ஸ் வாங்கச் சொல்வார்கள்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. மொத்தம் 48 கேமரா. முதலாளி ஏதோ கண்காட்சியில் டெமோ பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“எல்லாத்துக்கும் ஏஐ போட்டுருங்க தம்பி. பாதிப்பாதி வேண்டாம்.”

“போட்டுரலாங்கண்ணா. அலர்ட் வந்தா யாருக்குப் போகோணும்?”

“எனக்கு, என் பையனுக்கு, மேனேஜருக்கு.”

“ராத்திரி ரெண்டு மணிக்குங்க?”

அவர் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார். இரவில் இரண்டு பேர்தான். ஒருவர் முன் கேட்டை விட்டு நகர முடியாது. மீதி ஒரே ஒருவர். பெரியவர், சாதாரண பட்டன் போன் வைத்திருந்தார்.

விவாதம் செய்யாமல் சோதனை லைசென்ஸ் வாங்கி எல்லாக் கேமராவிலும் ஓடவிட்டேன். ஷிப்ட் மாறும் நேரம், டீ நேரம், லோடு ஏறும் நேரம் என்று முதலாளியின் போன் ஓயாமல் சிணுங்கியது. முதல் நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சில நாளில் அந்த ஆப்பை மியூட் செய்துவிட்டார். அதற்குள் நான் வேண்டியதைப் பார்த்துவிட்டேன். அவருக்கும் சொல்லாமலே புரிந்துவிட்டது. இருவரும் கம்பெனியின் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இங்கே அலாரம் அடித்தால் யார் எழுந்து போவார், போய் என்ன செய்வார்?

பின்பக்கச் சுவருக்குப் பதில் இருந்தது. இரவு வாட்ச்மேன் டார்ச் எடுத்துப் போவார். அதற்குள் அங்கே வைத்த ஸ்பீக்கர் குரல் கொடுக்கும். டீசல் வைத்திருக்கும் அறைக்குப் பதில் இருந்தது. அவசர வழிக்கும் இருந்தது. வெளிநாட்டு பையர்களின் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அவசர வழிகளை. அவசரத்தில் யாராவது அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்கிவிட்டால் மொத்தத் தணிக்கையும் கெட்டுவிடும். பொருள் கிடந்தால் சொல்லும் விதியை அங்கே போட்டு, அலர்ட்டைப் பகலில் ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு மட்டும் திருப்பினோம். அவர் நடந்து போய் நகர்த்தச் சொல்வார்.

கேட்டில் நம்பர் பிளேட் படிக்கும் லைசென்ஸ் ஒன்று. எங்கள் ஊரில் துணி ஓரிடத்தில் இருக்காது. டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று டெம்போவில் போய்ப் போய்த் திரும்பும். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்பதில் வராத தகராறு இல்லை. கேட்டில் உட்காரும் கிளார்க் கேட் பாஸோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டு அன்றன்றைக்குக் கையெழுத்துப் போட்டார். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஒரே மாதிரி எழுத்துள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதால் இந்த வேலை நன்றாகவே நடக்கிறது. பழைய டெம்போக்களின் அலங்கார எழுத்தும் சேறும்தான் இன்னும் தொந்தரவு. பகலிலும் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, கேமராவைப் பாதைக்கு நேராகத் தாழ்த்தி வைத்தால் பாதித் தொந்தரவு குறையும்.

மீதி முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் இடங்களில் நடந்தது என்ன என்று பிறகு பார்க்க வேண்டியிருக்குமே தவிர, அந்த நொடியில் ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அவற்றுக்கு ஏஐ லைசென்ஸ் வேண்டாம் என்றேன். மிச்சமான பணத்தை டிஸ்க்கில் போடச் சொன்னேன். எச்.265 சுருக்க முறையில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. 48 கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 டெராபைட், 30 நாளுக்கு 31 டெராபைட். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது வெறும் கணக்கு அல்ல. 2001 நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை தொடங்கிய சி-டிபாட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தைக் காட்டி பையர்கள் தணிக்கை வைக்கும்போது, கன்டெய்னரில் சரக்கு ஏறிய காட்சியைக் காட்டச் சொல்வார்கள். அன்று தேவைப்படுவது பழைய பதிவு. அது அழிந்திருந்தால் எந்த ஏஐயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

வாட்ச்மேன் பெரியவருக்கு ஒரு சின்ன ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். சேனல் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ‘கேமரா 23’ என்று இருந்தன. ‘பின் சுவர் புளியமரம்’, ‘டீசல் ரூம்’ என்று தமிழில் மாற்றினேன். சர்வரில் நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுலபமானது அது. அலர்ட் வந்ததும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. இரவு ஆள் ஒடிசாக்காரர் என்றால் பெயருக்குப் பதில் இடத்தின் சுவரில் எண்ணைப் பெரிதாக எழுதி, அதே எண்ணைச் சேனலுக்கும் வைப்பேன்.

முகம் அடையாளம் காணும் வசதியில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வாசலில் வருகைப் பதிவுக்கென்று கேட்டால் செய்து தருகிறேன். பஞ்சுத் தூசிக்காக முகத்தை மூடி வேலை செய்யும் இடங்களில் அது தடுமாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வெளி மாநிலத்துப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் வராந்தாவில் போடச் சொன்னால் மறுத்துவிடுவேன். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே விற்பனைக்குப் போன செய்தியை நாடே பார்த்தது. சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகளில் பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகிறது. வேலை சம்பந்தமான தேவைக்கும், கம்பெனிக்கு நட்டம் வராமல் காப்பதற்கும் தரவு சேர்க்கச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. சேர்த்த தரவைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பிலிருந்து விலக்குத் தரவில்லை. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். முகம் ஒரு கடவுச்சொல் போல மாற்றிக்கொள்ளக் கூடியதல்ல என்று சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் யோசிக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் முகத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும் நாளையும் என் கோப்பில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். நீக்கினால் லைசென்ஸ் எண்ணிக்கையும் குறைகிறது. நியாயமும் செலவும் ஒரே பக்கம் நிற்பது தொழிலில் அபூர்வம்.

இப்போது என் கொட்டேஷனில் ஒவ்வொரு ஏஐ லைசென்ஸுக்கு நேரேயும் ஒரு கட்டம் விட்டிருக்கிறேன்: ‘அலர்ட் வந்தால் பார்ப்பவர், பகல் / இரவு’. அதை முதலாளியே தன் கையால் நிரப்ப வேண்டும். பெயர் வராத இடத்துக்கு லைசென்ஸ் போடமாட்டேன். இதனால் என் கொட்டேஷன் தொகை சிறுத்துப்போகிறது, கூடவே கமிஷனும். அதே கம்பெனிக்கு எல்லாக் கேமராவுக்கும் ஏஐ போட்டுத் தருகிறேன் என்று வேறு டீலர் வருவார், சில சமயம் வேலையும் அவருக்கே போகும். ஒரு பில்லில் இருக்கும் லைசென்ஸ்களில் எத்தனை இரண்டாம் வருடம் புதுப்பிக்கப்படுகின்றன என்பதை வைத்துத்தான் நான் இந்தத் தொழிலை அளக்கிறேன். பெயர் எழுதிய கட்டங்களுக்கு நேரே உள்ளவை அநேகமாகப் பேரம் இல்லாமல் புதுப்பிக்கப்படுகின்றன. பணம் கட்டும் நாளில் முதலாளிக்கு அந்த வாட்ச்மேனையும் சூப்பர்வைசரையும் கேட் கிளார்க்கையும் தெரியும். எதற்குக் கட்டுகிறோம் என்பதும் தெரியும். “லைசென்ஸுன்னு எதுக்குங்க தனியா?” என்று அவர்கள் யாரும் என்னிடம் இரண்டாவது முறை கேட்டதில்லை.